மாலைக்கு முன்னால் மாத்திரை

அக்கா, நேற்று அவிசாவளையிலிருந்து தெரணியகலைக்கு வந்த பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தாள். சிங்களப் பிள்ளை. மடியில் மரக்கறிப் பை, கையில் ஈரக்குடை. கண்டக்டர் முன்பக்கம் போனதும் சட்டைக்குள்ளிருந்து ஒரு பஞ்சுப் பொட்டலத்தை எடுத்தாள். செருப்பைச் சரிசெய்கிறவள் மாதிரிக் குனிந்து, ஒரு மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் இல்லாமலே விழுங்கினாள். நான் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் பார்த்துவிட்டது தெரிந்தால் வழி முழுக்க அவளுக்கு நெஞ்சு பதறிக்கொண்டே இருக்கும். அது எனக்குத் தெரியாதா?

நீயும் இப்படித்தான். கிளினிக்கில் கொடுத்த டப்பாவுக்குள் பஞ்சை அடைத்து அடைத்து வைப்பாய், நடக்கும்போது கிலுகிலு என்று சத்தம் வரக்கூடாது என்று. ரத்தினபுரி பஸ் ஸ்டாண்டில் யாராவது நம் தோட்டத்து ஆள் தெரிந்தால் என் தோளை இறுக்கிப் பிடிப்பாய். "பல்லுக்குக் காட்ட வந்தோம்னு சொல்லுடி" என்பாய். முப்பத்திரண்டு பல்லும் முத்து மாதிரி இருந்த உனக்குப் பல்வலியாம். நம்பினவர்களும் இருந்தார்கள், அதைச் சொன்னால் சிரிப்பு வருகிறது.

வீட்டுக்கு வந்தும் அந்தப் பஞ்சு வாசம் மூக்கை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். உனக்கு எழுதுகிறேன் என்று பேர். உண்மையில் ஒரு கணக்கை உன்னிடம் ஒப்புவிக்க வேண்டியிருக்கிறது. உனக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ, நான் செய்ததைச் செய்துவிட்டேன்.

முதலில் உன் பேரைப் பற்றிச் சொல்கிறேன். குவைத்திலிருந்து நீ திரும்பி வந்தபோது இந்த லயத்து வீட்டு வரிசையில் உனக்கு இருந்த மரியாதை என்ன! அப்பா அம்மாவைக் கடைசி வரைக்கும் பார்த்தவள், என்னைக் கட்டிக்கொடுத்தவள், தண்ணீர்ப் பீலியடியில் நின்று பேசினால் பத்துப் பேர் கேட்பார்கள். அப்புறம்தான் உன் கல்யாணம். மாப்பிள்ளைக்கு நம் தோட்டத்து மேல் கணக்குப் பிரிவு ஃபாக்டரியில் வேலை. வருஷா வருஷம் சபரிமலைக்கு மாலை போடுகிறவர், சின்ன வயசிலேயே குருசாமி. அவர் கையால் மாலை வாங்கிக்கொள்ளக் கீழ் கணக்கிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். "பக்தியான ஆளுடி, குடியில்ல, வெத்தல கூடப் போடமாட்டாரு" என்று நீ சொன்னபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மச்சான் மச்சான் என்று வாய் நிறையக் கூப்பிட்டேன். நாசமாய்ப் போன வாய்.

பிறகு உனக்கு விடாத காய்ச்சல் வந்தது, எடை இறங்கியது, சளி பிடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தாய். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எச்ஐவி என்று சொன்னார்கள். நீ யாரிடமும் சொல்லவில்லை, கட்டினவனிடம் மட்டும் சொன்னாய். நீ சொன்ன மறுநாளே உன் மாமியார் பீலியடியில் நின்று ஒப்பாரி வைக்காத குறைதான். "அரபு நாட்டுக்குப் போய் சீக்க வாங்கிட்டு வந்து எம்மவன் தலையில கட்டிட்டாளே!" அந்தக் கிழவிக்கு யார் சொன்னது? அவன்தான்.

"குவைத்துக்குப் போகவும் ரத்தம் பாத்தாங்க, அங்க போயும் பாத்தாங்கடி. இருந்திருந்தா அன்னைக்கே பிளேன்ல ஏத்தித் திருப்பி அனுப்பியிருப்பாங்க" என்று என்னிடம் சொல்லி அழுதாய். நான் அதைக் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் பத்துப் பேர் முன்னால் சொன்னேன். ஒருத்தி கொழுந்துக்கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "வர்றதுக்கு முதல்நாள் வாங்கியிருப்பா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் முடியைப் பிடித்து இழுத்ததற்குக் கணக்கப்பிள்ளை எனக்கு வேலை நிறுத்தினார். நீ என்னைத்தான் திட்டினாய்.

அதிலிருந்து உன் டம்ளர் தனி, உன் தட்டு தனி. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் யார் பிள்ளையையும் தூக்கக்கூடாது என்று ஆயா வேலையிலிருந்தும் உன்னை எடுத்தார்கள். அவனுக்கோ ஒரு குறையுமில்லை. "பாவம் சாமி, பொண்டாட்டி இப்படிச் செஞ்சும் கை விடாம வச்சிருக்காரு" என்று பேச்சு. அதைக் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்து நடப்பான் பார், தியாகி மாதிரி. அப்போதே அந்த முகத்தில் அறைந்திருக்க வேண்டும்.

மருந்து தொடங்கின பிறகு நீ ஒரு வேளை கூட விட்டதில்லை. நான் சாட்சி. மழையில் ரோடு மண் சரிந்து பஸ் ஓடாத வாரத்தில் கூட, மாத்திரை முடியப் போகிறது என்று நடந்தே போய்ப் பாதி வழியில் லொறி பிடித்து கிளினிக்குக்குப் போனவள் நீ. ஆனால் உடம்பு தேறவில்லை. ரத்தத்தில் கிருமி குறையவே இல்லை. நர்ஸ் மிஸ்மார் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "பெஹெத் ஹரியட்ட பொனவாத, நங்கி?" என்று டொக்டர் கேட்டார். மருந்து சரியாகக் குடிக்கிறாயா தங்கச்சி என்று. நல்ல மனுஷிதான், அன்பாகத்தான் கேட்டார். ஆனால் அடுத்த முறையும் கேட்டார், அதற்கடுத்த முறையும் கேட்டார். நீ ஒவ்வொரு முறையும் "ஒவ் டொக்டர்" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது நம்புறியாடி?" என்றாய். அக்கா, யாரை மன்னித்தாலும், உன்னை அப்படிக் கேட்க வைத்தவனை நான் மன்னிக்கமாட்டேன்.

ஒருநாள் டொக்டர் நம் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். கொழும்புக்கு அனுப்பின ரத்தத்தின் முடிவு வந்திருந்தது. முதலில் உன்னிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சிங்களத்தில், மெதுவாக, நமக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார்.

இந்தக் கிருமி பெருகும்போது தன்னையே பிரதி எடுக்குமாம், எடுக்கும்போதெல்லாம் தப்பு விடுமாம். அதனால் ஒரே ஆளின் உடம்புக்குள்ளேயே அது ஒரே மாதிரி இருக்காதாம், கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமாகக் கூட்டமாக இருக்குமாம். மருந்தைத் தினமும் குடித்தால் அந்தக் கூட்டம் முழுவதும் அடங்கிக் கிடக்கும். விட்டு விட்டுக் குடித்தால் மருந்துக்கு மசியாத ஒன்று தப்பித்து, அதுவே பெருகி நிறைந்துவிடும். நீ குறுக்கே கேட்டாய், "புல்லுக்கு மருந்து அரைகுறையா அடிச்சா, சாகாத புல்லே மலை முழுக்க வர்ற மாதிரியா?" என்று. அவர் தலையாட்டினார்.

"அப்ப எங்கக்கா மருந்த விட்டுட்டான்னு சொல்றீங்களா?" என்று நான் எகிறினேன். நீ என் தொடையைக் கிள்ளினாய்.

"இல்ல" என்றார் டொக்டர். முதல் நாளில், ஒரு மாத்திரையும் வாயில் போடும் முன்னால் உன்னிடம் எடுத்துக் குளிரில் பத்திரப்படுத்தின ரத்தம் ஒன்று இருந்ததாம். அதையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அதிலும் இதே மாற்றம். நீ தொடாத மருந்துக்கு உன் கிருமி ஏற்கெனவே பழகியிருந்தது. யாரிடமிருந்து வந்தது என்று இந்தப் பரிசோதனை சொல்லாது என்று அவர் இரண்டு முறை சொன்னார். வந்த இடத்தில் ஒரு ஆள் அந்த மருந்தைக் குடித்திருக்கிறார், ஒழுங்காகக் குடிக்கவில்லை, அவ்வளவுதான் தெரியும் என்றார். மருந்தை மாற்றித் தருகிறேன், இது கட்டாயம் பிடிக்கும் என்றார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாய். முகத்தில் ரத்தமே இல்லை. நான் பிளேன்டீ வாங்கிக் கொண்டு வந்து நீட்டினேன், வாங்கவில்லை. "கார்த்திகை" என்றாய். எனக்கு விளங்கவில்லை.

அப்போதுதான் சொன்னாய். கல்யாணமான நாளிலிருந்து உன் புருஷனிடம் லேபிள் உரித்த வெள்ளை டப்பா ஒன்று இருக்கிறதாம். கேட்டால் வாயுக்கு என்பானாம். மாசத்துக்கு ஒரு தரம் கொழும்புக்குப் போய் வாங்கி வருவானாம். கார்த்திகை பிறந்து மாலை போட்டதும் அந்த டப்பாவைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுவானாம். மாலை போட்ட உடம்புக்கு இங்கிலீஷ் மருந்து ஆகாது, விரதம் கெட்டுப் போகும், சாமி பார்த்துக்கொள்வார் என்பானாம். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றின பிறகு டப்பா கீழே இறங்கும். அடுத்த கார்த்திகையில் மறுபடி மேலே ஏறும். நீயே பல தடவை ஸ்டூல் போட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறாயாம்.

"என் டப்பாவும் அவரு டப்பாவும் ஒரே டப்பாடி" என்றாய்.

எனக்கு வந்த கோபத்தில் பிளேன்டீ கோப்பையைத் தரையில் அடித்தேன். செக்யூரிட்டி வந்து பார்த்தான். வருஷம் தவறாமல் மருந்தை நிறுத்தி, கிருமிக்கு மருந்தைத் தாண்டப் பழக்கிக் கொடுத்து, அதை உனக்குத் தந்து, அப்புறம் குவைத் என்று பேர் சொல்லியிருக்கிறான். அவனுக்கு நோய் வந்தது குற்றம் என்று நான் சொல்லவில்லை, எப்படி வந்தது என்று இன்று வரைக்கும் நான் கேட்டதில்லை. நோய் யாருக்கும் வரும். தெரிந்தே மறைத்தான். மறைத்ததை உன் தலையில் போட்டான். அதுதான் எனக்கு ஆறவில்லை.

அவனிடம் நீ கேட்டாய். காலில் விழுந்தானாம். அம்மாவுக்குத் தெரியக்கூடாது, சாமிமாருக்குத் தெரியக்கூடாது என்று அழுதானாம். நீ என்ன செய்தாய்? வேறு எவளாக இருந்தாலும் முறத்தால் அடித்திருப்பாள். நீ அவனைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய், அவன் டொக்டரிடம் உண்மையைச் சொல்ல வைத்து, அவனுக்கும் மருந்து மாற்ற வைத்தாய். அவனுக்குப் புது மருந்து பிடித்துக்கொண்டது. உனக்கும் பிடித்தது, கிருமி இறங்கத் தொடங்கியது. ஆனால் அதற்குள் காசநோய் உன் மூளைக்கு ஏறியிருந்தது.

வார்டில் உன் கடைசி நாட்களில் ஒரு மத்தியானம் தெளிவாகப் பேசினாய். "அவர சபையில வச்சு எதுவும் சொல்லிறாத" என்றாய்.

"ஏன், சாமிக்கு மானம் போயிருமா?"

"மானத்துக்கு இல்லடி. வெக்கத்துல மருந்த நிப்பாட்டிருவாரு. நிப்பாட்டினா மறுபடி அதே கதைதான். அது இன்னும் கெட்டியாகி வேற ஒருத்திக்குப் போகும். அவ புள்ளைக்குப் போகும். உன் வாயால சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"நீ சாகக் கெடக்க, அவன் மருந்தப் பத்திப் பேசுற! உனக்குப் புத்தி கித்தி இருக்கா?"

"சொல்லுடி."

என் வாயால் சொல்லமாட்டேன் என்று சொன்னேன். மனசுக்குள் சொன்னது வேறு.

புரட்டாசியில் நீ போனாய். கொள்ளி வைத்த அன்றைக்கும் கிழவி அரபு நாட்டை விடவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குத் தெரணியகலைக் கடையில் வெள்ளை வேட்டியும் துண்டும் வாங்கிக்கொண்டு நானே போனேன். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். பொண்டாட்டியைக் கொடுத்த வீட்டிலிருந்து கோடித்துணி வந்து தலையில் கட்டினால்தான் அந்த ஆம்பளைக்குத் துக்கம் கழியும். அதுவரைக்கும் கோயிலுக்குள் போகக்கூடாது, நல்லது கெட்டதில் முன்னால் நிற்கக்கூடாது, மாலை போடக்கூடாது. நமக்கு அண்ணன் தம்பி இல்லை, அப்பா அம்மா இல்லை. உன் பொறந்த வீடு என்றால் நான் ஒருத்திதான். கட்டுவது பெரியவர் யாராகவும் இருக்கலாம், கொடுக்கும் கை என் கைதான்.

மொட்டைத் தலையோடு மணையில் உட்கார்ந்திருந்தான். சுற்றி அவன் சாமிமார். தோட்டத் தலைவர், "அம்மாடி, கோடியக் குடு" என்றார். அந்த நேரம் பார்த்துக் கிழவி ஆரம்பித்தாள், "எங்கயோ வாங்கிட்டு வந்த சீக்குல எம்மவன் வாழ்க்கையக் கெடுத்துட்டுப் போயிட்டாளே!" என்று. குனிந்த தலை குனிந்தபடி இருந்தான், அதே தியாகி முகம்.

நான் தட்டோடு போய் அவன் காதில் குனிந்தேன். "பரண்ல ஏத்துற டப்பா எனக்குத் தெரியும், மச்சான். எங்கக்கா அரபு நாட்டுல இருந்து எதையும் கொண்டு வரலன்னு இப்ப எந்திரிச்சுச் சொல்லுங்க. வேற எதுவும் சொல்ல வேணாம். உங்க கதைய நான் கேக்கல" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தான். சாம்பல் பூசின மாதிரி ஆகிவிட்டது முகம். பிறகு அவன் அம்மாவைப் பார்த்தான், சாமிமாரைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான்.

துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். "எங்க வீட்டுக் கோடி இல்ல" என்றேன்.

ஐயோ, அப்போது எழுந்த கூச்சலைக் கேட்டிருக்க வேண்டும் நீ! "என்னா பொம்பள இவ", "சாவு வீட்ல வந்து வம்பு பண்றா" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். தலைவர் கையைப் பிடித்துக் கேட்டார், "ஏம்மா, என்னா குறை?" நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "குறை என்னான்னு அவருக்குத் தெரியும், அவர்கிட்டக் கேளுங்க." எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் என்ன சொல்வான்? உனக்குக் கொடுத்த வாக்கு அப்படியே இருந்தது, அக்கா. என் வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கார்த்திகை எப்படியும் அவனுக்கு இல்லை, வருஷம் திரும்பவில்லை. ஆனால் லயத்தில் வாய்கள் வேலை செய்யத் தொடங்கின. கோடி கொடுக்காத குறை என்ன குறை? சாமி ஏன் பதில் சொல்லவில்லை? பிரட்டுக்களத்தில் உன்னைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க வைத்தவளே ஒருநாள் ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் என் பக்கத்தில் வந்து, "அப்ப அவருதானா?" என்று மெதுவாகக் கேட்டாள். "எனக்கென்னடி தெரியும்?" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். எத்தனை இனிப்பாக இருந்தது தெரியுமா!

இந்த ஐப்பசிக் கடைசியில் அவன் என் வாசலுக்கு வந்தான். உன் வருஷத் திதி முடிந்திருந்தது. அவனுக்கு இது பதினெட்டாவது மலை. பதினெட்டாம் வருஷம் தென்னம்பிள்ளையைத் தோளில் சுமந்துகொண்டு மலையேறுவது ஒரு குருசாமிக்கு எவ்வளவு பெரிய பேர் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கோடியை இவ்வளவு நாள் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"கோடியக் குடுத்து விட்டுரு, தங்கச்சி" என்றான். "உனக்குக் கோடி புண்ணியம்."

"நான் கேட்டதச் சொல்லுங்க, குடுக்குறேன்."

"அம்மா இருக்காங்க. அவங்க தாங்க மாட்டாங்க."

"எங்கக்கா தாங்கினா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

கார்த்திகை முதலாம் தேதி விடியற்காலை மாரியம்மன் கோயில் வாசலில் கறுப்பு வேட்டிகளாக நின்றிருந்தார்கள். நானும் மடியில் துணியோடு போய் நின்றேன். அவன் வருவான் என்று தெரியும். வெள்ளைச் சட்டையில் வந்தான், பின்னால் கிழவியும் வந்தாள். கோயில் வாசலில், எல்லார் முன்னாலும் சொன்னான்.

"அவ அரபு நாட்டுல இருந்து எதையும் கொண்டு வரல. எனக்குக் கல்யாணத்துக்கு முந்தியே இருந்துச்சு. எங்கிட்ட இருந்துதான் அவளுக்குப் போச்சு. நான்தான் மறைச்சேன்."

அக்கா, கிழவி வாயைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று சாமிமார் ஓரடி பின்னால் போனார்கள். உன் டம்ளரைத் தனியாக வைத்த அதே ஓரடி. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னிடம் என்ன பொய், நெஞ்சு குளிர்ந்தது. உன் பேர் உனக்கு வந்துவிட்டது. அதுவும் அவன் வாயாலேயே வந்தது.

தலைவர் என்னைப் பார்த்தார். "சொல்லிட்டாரும்மா. கோடியக் குடுத்துரு."

துணியை எடுத்து விரித்தேன். கொடுக்கத்தான் போனேன், சத்தியமாக. கை நீட்டும்போது ஏனோ வாயில் வந்தது. "மச்சான், டப்பா எங்க?"

அவன் விழித்தான். "எந்த டப்பா?"

"மருந்து டப்பா."

அப்போதும் அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சாமி காரியத்தைச் சுத்தமாகச் செய்துவிட்டவன் குரலில், "பரண்ல வச்சிட்டேன். நேத்துல இருந்து தொடல. மலைக்குப் போய்ட்டு வந்து ஆரம்பிச்சிருவேன்" என்றான்.

நீ செத்துப் போனாய். அவன் மறுபடி பரணில் ஏற்றிவிட்டான். சபையில் அத்தனையும் சொன்ன பிறகும், உன்னைக் கொன்றது எது என்று அந்த மண்டைக்குள் ஏறவில்லை.

துணியைத் திரும்ப மடித்தேன். "சொன்ன சொல்லு மாறாதம்மா" என்று தலைவர் சத்தம் போட்டார். "மாறுறேன்" என்றேன். வேறு தோட்டத்திலிருந்து வந்திருந்த வயசான குருசாமி ஒருத்தர் மட்டும் குறுக்கே வந்து, "மருந்து சாமி குத்தம் ஆகாது, குடிக்கலாம்னு எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேனே, என்கிட்டக் கேட்டிருக்கலாமேப்பா" என்றார். நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "அடுத்த கார்த்திகை வரைக்கும் நாள் தவறாம என் வாசல்ல வந்து, என் கண் முன்னால மருந்து குடிக்கட்டும். ஒருநாள் விட்டாலும் இந்தத் துணிய அடுப்புல போட்டுருவேன்." தலைவருக்கும் அதில் நியாயம் தெரிந்தது, சரி என்றார். சாமிமார் வேறு குருசாமியிடம் மாலை வாங்கிக்கொண்டார்கள். யாரோ கொண்டுவந்த தென்னம்பிள்ளையை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள்.

நீ சொல்லவேண்டாம் என்றதன் காரணம் எனக்கு நினைவிருந்தது, அக்கா. வெட்கத்தில் மருந்தை நிறுத்திவிடுவான் என்றாய். நிறுத்த விடமாட்டேன். வேறு எவளுக்கும் எந்தப் பிள்ளைக்கும் அது போகாது, உன் ஆசை முழுவதும் நடக்கிறது. நான் அதைச் செய்வது உன்னை மாதிரி நல்ல மனசால் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒன்றை மட்டும் உனக்குச் சொல்கிறேன், தலைவருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அடுத்த கார்த்திகையும் நான் கோடி கொடுக்கப்போவதில்லை. ஏதாவது குறை கண்டுபிடிப்பேன். அதற்கடுத்த கார்த்திகையும் அப்படித்தான். அவன் சாகக்கூடாது. உனக்கு நேரத்துக்குக் கிடைக்காத மருந்து அவனுக்கு நன்றாக வேலை செய்யவேண்டும். தலை நரைத்து, பல் விழுந்து, கோல் ஊன்றித் தடுமாறும் வரைக்கும் அவன் உயிரோடிருக்கவேண்டும். கோயில் மணி கேட்கிற தூரத்தில், கோயிலுக்கு வெளியே இருக்கவேண்டும். எனக்கும் அதுவரைக்கும் ஆயுசு வேண்டும் என்றுதான் தினமும் கும்பிடுகிறேன்.

இன்றைக்கும் நான் ரப்பர் பால் வெட்டப் புறப்படும் முன்னால் வந்து நின்றான். தண்ணீர் கொடுத்தேன். விழுங்கினான்.

"ஆ காட்டுங்க, மச்சான்" என்றேன். காட்டினான்.

"நாக்கத் தூக்குங்க."

தூக்கினான்.